நாளை இரண்டு ஆட்டம், ஒரு பெட்டி ஐஸ்

குழு: முதுநகர் சொந்தங்கள்

பிரபு, 6:40: செல்வம் மாமா, துறைமுகத்தில் காலையில் ஐஸ் கட்டி கிடைக்குமா? தேவனாம்பட்டினத்தில் 8 மணிக்குக் கபடி. வென்றால் மாலை 4 மணிக்கு அரையிறுதி. நடுவில் ஐஸ் தண்ணீரில் உட்காரலாம் என்று இருக்கிறோம்.

கலா அத்தை, 6:43: மீனுக்குப் போடும் ஐஸில் நீ எதற்கடா உட்கார வேண்டும்? கடல் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு முழுக்குப் போட்டுவிட்டு வா.

மீனா, 6:51: அத்தை, நம் கடல் பெரும்பாலும் 26 டிகிரிக்கு மேல்தான். இதற்கு வேண்டியது 10 முதல் 15 டிகிரி. அந்தக் குளிரில் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும், உடல் சூடு இறங்கும், தசை வலியும் கொஞ்சம் மட்டுப்படும்.

செல்வம் மாமா, 6:55: கட்டி கிடைக்கும். எவ்வளவு வேண்டும்? பழைய மீன் பெட்டி ஒன்றும் இருக்கிறது. கழுவித் தருகிறேன், வாடைக்கு மட்டும் நான் பொறுப்பல்ல.

மீனா, 7:02: 200 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 15க்கு இறக்க ஏறக்குறைய 30 கிலோ ஐஸ் தேவை, மாமா. அடுத்தடுத்து ஆட்கள் இறங்கினால் தண்ணீர் மறுபடி சூடாகும், கூடுதலாக வாங்குங்கள். உடைத்துப் போடுங்கள். முழுக் கட்டி காலை இடித்துவிடும்.

பிரபு, 7:04: 5 டிகிரிக்கு இறக்கினால் இன்னும் நல்லதல்லவா அக்கா? எங்கள் ரெய்டர் ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

மீனா, 7:09: வீடியோ எடுத்தவருக்கு நல்லது! 15 டிகிரியே போதும், இடுப்பு வரை, 10 நிமிடம். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், வாயில் பேச்சு வராது. அந்த முதல் ஒரு நிமிடம்தான் ஆபத்து. மெதுவாக இறங்கு, தலையை முக்காதே. பக்கத்தில் ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பதில் குழறினால் உடனே வெளியே இழுத்துவிட வேண்டும்.

பிரபு அப்பா, 7:12: எனக்கும் முழங்கால் வலிக்கிறது. கடைசியாக நானும் இறங்கிப் பார்க்கட்டுமா?

மீனா, 7:13: சித்தப்பா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் நீங்கள். கூடாது. குளிர் பட்டதும் அழுத்தம் எகிறும்.

கலா அத்தை, 7:14: நல்லவேளை கேட்டாய் தம்பி.

செல்வம் மாமா, 7:20: ஊர்ப் போட்டியில் 4 மணி என்றால் 2 மணிக்கும் கூப்பிடுவார்கள், இரவு 9க்கும் கூப்பிடுவார்கள். ஐஸில் இருக்கும்போதே கூப்பிட்டால்?

மீனா, 7:26: அதுதான் சிக்கல். தசை குளிர்ந்தால் வேகமும் உதைக்கும் வலுவும் குறையும். அப்படியே களத்தில் இறங்கினால் முதல் ரெய்டிலேயே பிடிபடுவான். அதனால் காலை ஆட்டம் முடிந்த கையோடு உட்கார்ந்து எழட்டும். மாலைக்குள் உடம்பு சூடேறிவிடும், ஆட்டத்துக்கு முன் நன்றாக ஓடிக் குதிக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தால் ஐஸே வேண்டாம். நிழல், ஈரத்துண்டு, உப்புப் போட்ட மோர், சும்மா நடை.

பிரபு, 7:28: அப்படியானால் ஜிம் முடித்துத் தினமும் உட்காரலாமா?

மீனா, 7:33: வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களை ஒப்பிட்டு, 2015இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் 10 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் இருந்தவர்களுக்கு, மெதுவாகச் சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசையும் வலுவும் குறைவாகவே வளர்ந்தன. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் என்றால் சரி. தினமும் செய்தால் பயிற்சிக்கு நீயே வைக்கும் வேட்டு.

கலா அத்தை, 7:36: இவ்வளவுக்கும் பதில் இரவு எட்டு மணி நேரம் தூங்கினால் ஆகாதா?

மீனா, 7:37: அத்தை சொல்வதுதான் முதல் மருந்து. ஐஸ் அதற்குப் பிறகுதான்.

செல்வம் மாமா, 7:41: சரி, காலை 7 மணிக்கு மூட்டையில் 50 கிலோ வரும். வண்டி வாடகை பிரபு அப்பா தருவார்.

பிரபு அப்பா, 7:42: இறங்கவும் விடமாட்டீர்கள், பணம் மட்டும் நானா?