ஏர் கன்னுக்குள் எண்ணெய் விடலாமா, கூடாதா?

மேலூர் கணேசன்:
ஓய்வு பெற்றதும் பரணில் கிடந்த டயானா 35 ஸ்பிரிங் ஏர் கன்னை இறக்கிவிட்டேன். காலேஜ் நாளில் சுட்டது. இனி தினமும் மாடியில் அட்டை கட்டிச் சுடலாம் என்று இருக்கிறேன். இந்த நேரம் பார்த்து ஒரு தம்பி, "ஏர் கன்னுக்குள் எண்ணெய் விட்டால் வெடிக்கும், பெரிசுகளுக்கு இது தெரியாது" என்று எழுதியிருக்கிறார். ரெண்டு சொட்டு எண்ணெய் விடாத ஏர் கன் உண்டா? நாங்கள் தையல் மெஷின் எண்ணெய் விட்டே வளர்ந்தவர்கள்.

பெல்லட் நிஷாந்த்:
அந்தத் தம்பி நான்தான் சார். ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும்போது உள்ளே சூடு எகிறும். எண்ணெய் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் ஓடுவது இப்படித்தான். ஸ்பிரிங் உடைந்தால் பென்ஷனில் வாங்கிப் போடுங்கள்.

மேலூர் கணேசன்:
ரெண்டு சொட்டு என்றேன், ரெண்டு லிட்டர் இல்லை. என் பென்ஷனைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

ஸ்டெல்லா டீச்சர்:
உள்ளே பிஸ்டன் முனையில் காற்று கசியாமல் அடைப்பது தோல் வாஷரா, செயற்கை சீலா? தோல் என்றால் இத்தனை வருடத்தில் காய்ந்து போயிருக்கும், எண்ணெய் காட்டத்தான் வேண்டும். செயற்கை என்றால் தையல் மெஷின் எண்ணெய் உள்ளே போகவே கூடாது. அதைச் சொல்லாமல் என்ன சண்டை?

மேலூர் கணேசன்:
வாஷர் கிடக்கட்டும் டீச்சர். எண்ணெய் விடலாமா கூடாதா, அதுதான் கேள்வி.

பெல்லட் நிஷாந்த்:
கூடாது.

மேலூர் கணேசன்:
விடலாம்.

கரூர் வக்கீல்:
முதலில் லைசன்ஸ் இருக்கிறதா?

மேலூர் கணேசன்:
வக்கீலுக்குப் படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்களே. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்குள் வேகம் என்றால் லைசன்ஸ் தேவையில்லை. அந்த விதிகள் வருவதற்கு முன்னால் ஒரு அங்குலப் பலகையில் சுட்டுப் பார்ப்பார்கள். துளைத்து வெளியே வந்தால்தான் வம்பு. நாங்கள் பலகைக் காலத்து ஆட்கள்.

பெல்லட் நிஷாந்த்:
ஜூல் என்பது ஆற்றல் சார், வேகம் இல்லை. எண்ணெய் பற்றினால் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, இன்னும் வேகமாகப் போகும். 20-ஐத் தாண்டினால் வக்கீல் வீட்டு வாசலில்தான் நிற்பீர்கள்.

கரூர் வக்கீல்:
என்னை ஏன் இழுக்கிறீர்கள்? சரி, மாடியில் அட்டை மட்டும்தானா, புறாவுமா?

மேலூர் கணேசன்:
அட்டை! 10 மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீட்டர். அதை அடிக்கத் திணறுகிறவனுக்குப் புறா எதற்கு?

பெல்லட் நிஷாந்த்:
வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு அரை மில்லிமீட்டரா? குறி பார்க்கும் பின்சைட் கண்ணுக்குத் தெரியுமா முதலில்?

மேலூர் கணேசன்:
1920 ஒலிம்பிக்கில் ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 72 வயதில் வெள்ளி வாங்கினார். அவருக்குப் போய் இதைச் சொல்லுங்கள்.

பெல்லட் நிஷாந்த்:
அது ஓடும் மான் பொம்மையைச் சுடுவது. ஏர் கன்னே இல்லை. 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதுதான் ஏர் ரைஃபிள். அவர் துப்பாக்கியில் தையல் மெஷின் எண்ணெய் விட்டாரா?

மேலூர் கணேசன்:
அவருடையது சிலிண்டரில் காற்றடைத்த துப்பாக்கி. ஸ்பிரிங் ஏது, பிஸ்டன் ஏது? இதுகூடத் தெரியாமல் பேரில் மட்டும் பெல்லட்!

ஸ்டெல்லா டீச்சர்:
மறுபடி கேட்கிறேன். தோலா, செயற்கையா?

பெல்லட் நிஷாந்த்:
பேரை இழுக்காதீர்கள் சார். போன வருடம் குறி பார்க்கும் தொலைநோக்கி, அந்த ஸ்கோப் விஷயத்திலும் இப்படித்தான் பேசினீர்கள், நான் மறக்கவில்லை.

மேலூர் கணேசன்:
அந்த ஸ்கோப் ஸ்பிரிங் கன்னின் உதைப்புக்குத் தாங்காது என்றேன், தாங்கவில்லை. இப்போதும் சொல்கிறேன், இன்று காலை ரெண்டு சொட்டு விட்டாயிற்று. ஜம்மென்று இருக்கிறது.

பெல்லட் நிஷாந்த்:
புகை வந்ததா?

மேலூர் கணேசன்:
லேசாக. பரண் தூசி.

பெல்லட் நிஷாந்த்:
தூசிக்கு எண்ணெய் வாடை அடிக்குமா சார்?

மேலூர் கணேசன்:
என் வீட்டு வாடை உங்களுக்கு எதற்கு? நாளைக்கும் விடுவேன்.