ஜூலையில் டர்பனில் அரசியல் மாநாடு, முதல் வெளிநாட்டுப் பயணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் அரசியல் அறிவியலில் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெண் ஊராட்சித் தலைவர்களைப் பற்றிய என் கட்டுரை ஜூலை முதல் வாரம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடக்கும் மாநாட்டுக்குத் தேர்வாகியிருக்கிறது. சந்தோஷம்தான், ஆனால் பாஸ்போர்ட் கைக்கு வந்ததே போன மாதம், இதுவரை நான் போன அதிக தூரம் டெல்லி. மாநாட்டுக்காரர்கள் அனுப்பிய வருகையாளர் குறிப்பில் பாதிக்கு மேல் கடற்கரைப் படம். விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும், எங்கே தங்கலாம், தனியாக வரும் பெண் சாயங்காலம் வெளியே போகலாமா, சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது, எதற்கும் அதில் பதில் இல்லை. என் வழிகாட்டி அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்டால் "அங்க எல்லாம் நம்ம ஆளுங்கதாம்மா, பயப்படாதே" என்று முடித்துவிடுகிறார். டர்பன் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பிரிட்டோரியா அக்கா:

வாழ்த்துகள் தங்கச்சி. விசாவுக்கு முன்னால் உன் பெயரைச் சரி பார். விளையாட்டாகச் சொல்லவில்லை. மாநாட்டில் நீ இனிஷியலோடு பதிவு செய்திருப்பாய், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுதாக இருக்கும், டிக்கெட்டில் ஏஜென்ட் இன்னொரு மாதிரி போட்டிருப்பார். மூன்றும் மூன்று பெயராக இருந்தால் யாருடைய அழைப்புக் கடிதம் இது என்று கேள்வி வரும். இன்றைக்கே அவர்களுக்கு எழுதி, பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டுப் புதுக் கடிதம் வாங்கு. நான் முதன்முதலாக இந்த நாட்டுக்கு ஒரு கருத்தரங்குக்கு வந்தபோது, கழுத்தில் மாட்டிய அட்டையில் அப்பா பெயர்தான் கொட்டை எழுத்தில் இருந்தது, மூன்று நாளும் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். விசாவில் அந்த மாதிரி நடந்தால் சிரித்துவிட்டுப் போக முடியாது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும், சென்னையிலேயே விஎஃப்எஸ் (விசா விண்ணப்பம் வாங்கும் நிறுவனம்) மையத்தில் கொடுக்கலாம். அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகத்திலிருந்து "இவர் எங்கள் ஆய்வாளர், முடிந்ததும் திரும்பி வருவார்" என்கிற மாதிரிக் கடிதம், மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை (வங்கி முத்திரையோடு), போக வர டிக்கெட் பதிவு, தங்குமிடப் பதிவு. செலவைப் பல்கலைக்கழகமோ வேறு யாரோ ஏற்றால் அதற்கும் தனிக் கடிதம். பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு வேண்டும், உனக்குப் புதுசு என்பதால் கவலையில்லை. சிலருக்கு இரண்டு வாரத்தில் வருகிறது, சிலருக்கு ஒன்றரை மாதம் இழுக்கிறது, அதனால் ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்துவிடு. விசா கைக்கு வந்ததும் அதில் போட்டிருக்கும் தேதியைப் பார்.

இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மாநாடு நிஜமானதுதானா? பணத்தைக் கட்டச் சொல்லி, "சிறந்த கட்டுரை விருது" என்று ஆசை காட்டி, கடைசியில் ஓட்டல் அறையில் பத்துப் பேரை உட்காரவைக்கும் கூட்டங்கள் நிறைய. நடத்தும் துறையின் தளத்தில் அறிவிப்பு இருக்கிறதா, பணம் தனிநபர் கணக்குக்குப் போகிறதா என்று பார். உலக அரசியல் அறிவியல் சங்கத்தின் மாநாடே 2003-ல் டர்பனில் நடந்திருக்கிறது, ஆகையால் ஊரைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம். நிஜம்தான் என்றால் கட்டணச் சலுகை கேட்டு எழுது. கூச்சப்படாமல் கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும். ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) பயண உதவிக்கும் விண்ணப்பம் போடு, அவர்கள் கெடு முன்கூட்டியே முடிந்துவிடும்.

கோவைக்காரன், உம்லங்கா:

விசா விஷயம் அக்கா சொல்லிவிட்டார். நான் ஊர் விஷயம் சொல்கிறேன்.

ஜூலை முதல் வாரம் என்றீர்கள், அங்கேதான் சிக்கல். ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் "டர்பன் ஜூலை" குதிரைப் பந்தயம். 1897-லிருந்து நடக்கிறது, நாடே திரண்டு வரும். போதாக்குறைக்குப் பள்ளி விடுமுறையும் அதே சமயம் விழுந்துவிடும். கடற்கரை ஓட்டல்கள் விலையை ஏற்றிவிடும், கடைசி நேரத்தில் அறையே கிடைக்காது. ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற அறையாக இப்போதே போட்டு வையுங்கள், விசாவுக்கும் அது ஆகும். மாநாடு எங்கே நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் தங்குங்கள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகம் என்றால் அது மேட்டில் இருக்கிறது, பக்கத்தில் க்ளென்வுட்டில் விருந்தினர் இல்லங்கள் உண்டு. நகர நடுவில் உள்ள ஐசிசி (சர்வதேச மாநாட்டு மையம்) மண்டபம் என்றால் கடற்கரைப் பக்கம் சரி. அறை நூறு ரேண்டு (இந்த நாட்டு நாணயம்) மலிவு என்று தூரத்தில் எடுத்தால் அந்தக் காசு டாக்சிக்குப் போய்விடும்.

சாயங்காலம் பற்றிக் கேட்டீர்கள். இங்கே ஜூலை குளிர்காலம், ஐந்தேகால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஐந்து மணிக்குக் கடைசி அமர்வு முடிந்து நாலு பேரோடு பேசிவிட்டு வெளியே வந்தால் இருட்டு. ஆகவே இருட்டிய பிறகு நடை கிடையாது, பத்து நிமிட தூரமானாலும் ஊபரோ போல்ட்டோ (இரண்டும் ஆப்பில் கூப்பிடும் டாக்சி), அதுவும் வாசலுக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உள்ளேயே இருந்து, வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். பகலில் கடற்கரை நடைபாதையில் தாராளமாக நடக்கலாம், குடும்பம் குடும்பமாக இருப்பார்கள். ஏடிஎம்மில் யாராவது உதவ வந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு சுற்றுங்கள். இங்கே போலீஸ் நிலையத்திலேயே நகலில் முத்திரை குத்தித் தருவார்கள், காசில்லை. போலீஸ் 10111, செல்போனில் 112.

வழி: துபாயிலிருந்து டர்பனுக்கே நேராக எமிரேட்ஸ் வருகிறது, முதல் பயணத்துக்கு அதுதான் நிம்மதி. ஜோகன்னஸ்பர்க் வழியாக வந்தால் குடியேற்றச் சோதனை அங்கேயே. பெட்டியையும் அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்குத் திரும்பப் போட வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். என் தம்பி ஒன்றரை மணி நேர இடைவெளியில் எடுத்து, டர்பன் விமானம் கிளம்புவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். இங்கே கிங் ஷாகா விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர், அதனால் நடு ராத்திரியில் வந்து இறங்குகிற மாதிரி எடுக்காதீர்கள்.

பிளக் விஷயத்தில் நாம் அதிர்ஷ்டக்காரர்கள். நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற தடித்த மூன்று முள் பிளக் இங்கே சுவரில் அப்படியே போகும். லேப்டாப்பின் சின்ன மூன்று முள்தான் போகாது. திருநெல்வேலியிலேயே பெரிய பிளக் வாங்கி, ஒரு நீட்டிப்புப் பெட்டியின் வயரில் மாட்டிக்கொண்டு வந்தால் மாநாட்டு அறையில் பாதிப் பேர் உங்களைச் சுற்றித்தான் உட்காருவார்கள். மின்வெட்டு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2023-ல் படாத பாடு பட்டோம், 2024 மார்ச்சுக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிட்டது.

சிம் வாங்கப் பாஸ்போர்ட்டும் தங்கும் முகவரியும் கேட்பார்கள், சட்டம் அப்படி. விமான நிலையத்திலேயே முடித்துவிடுங்கள், ஓட்டல் பதிவைத் தாளில் எடுத்து வாருங்கள். ஒரு ரேண்டு சுமார் ஐந்து ரூபாய் என்று மனசில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் கார்டு போதும், சில்லறை மட்டும் கொஞ்சம் வேண்டும், சாப்பாட்டுக் கடையில் பில்லில் பத்து சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம்.

ஜோபர்க் ராஜா:

இவ்வளவு பயந்து பயந்து வருவதற்கு ஜூமில் கட்டுரை வாசித்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம். 2021 ஜூலையில் கலவரத்தில் அந்த ஊர் எரிந்ததை நான் டிவியில் பார்த்தவன். தனியாகப் பெண் பிள்ளை, வேண்டாம் என்பேன்.

சாட்ஸ்வர்த் தாத்தா:

ராஜா தம்பி, நீங்கள் டிவியில் பார்த்ததை நான் என் தெரு முனையில் நின்று பார்த்தவன். நாட்டில் மொத்தம் 350 பேருக்கு மேல் செத்தார்கள், சின்ன விஷயம் இல்லை. அதற்காக ஊரை மூடிவிட்டோமா என்ன. மகளே, நீ வா. ஒன்று மட்டும் சொல்கிறேன், அரசியல் படிக்கிறவர்கள் கண்டவரிடமெல்லாம் பேட்டி எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த ஜூலை பற்றி, ஃபீனிக்ஸ் பகுதியில் அப்போது நடந்த கொலைகள் பற்றி, டாக்சிக்காரரிடமோ கடைக்காரரிடமோ விளையாட்டாகக் கேள்வி போடாதே. அவர் வீட்டில் யார் போனார்கள் என்று உனக்குத் தெரியாது.

நான் ஐந்தாம் தலைமுறை. என் தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் வழிகாட்டி "நம்ம ஆளுங்க" என்றது பாதி உண்மை. 1860 நவம்பரில் மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து இருக்கிறோம், ஆனால் தமிழில் பேசினால் பத்தில் ஒன்பது பேர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். மனசு சங்கடப்படாதே. பெயரைப் பார், கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார், பிள்ளை மட்டும் பிள்ளையாகவே இருக்கிறார்.

சாப்பாடு: பன்னி சௌ என்று சொல்வார்கள், நம் ஊர்ப் பன்றி இல்லை, ஆங்கிலத்தில் பன்னி என்றால் முயல், ஆனால் அதில் முயலும் இல்லை ஒன்றும் இல்லை. ரொட்டியைக் கால் பாகமாக வெட்டி, நடுவைத் தோண்டிக் குழம்பை ஊற்றித் தருவது. "பீன்ஸ் பன்னி, குவார்ட்டர்" என்று கேள், அது சைவம். தோண்டி எடுத்த ரொட்டியை மேலே மூடி மாதிரி வைத்திருப்பார்கள், முதலில் அதைத் தொட்டுச் சாப்பிடு, கரண்டி கேட்டால் சிரிப்பார்கள். மாநாட்டு மதியச் சாப்பாட்டை நம்பாதே, அங்கே சைவம் என்றால் சில சமயம் கோழி மட்டும் இல்லை என்று அர்த்தம், பதிவுப் படிவத்தில் முட்டை மீன் கூடாது என்று தெளிவாக எழுது. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மாமியார் ஒழிப்பு மசாலா என்றே ஒன்று விற்கிறார்கள், வாங்கிக்கொண்டு போ, கல்யாணம் ஆகிவிட்டதா தெரியாது.

வழி கேட்டால் "ரோபோட்டில் திரும்பு" என்பார்கள். டிராஃபிக் சிக்னல்தான் ரோபோட். அப்புறம், இந்த ஊர் ஆள் "ஜஸ்ட் நவ் வருகிறேன்" என்றால் இப்போது வருகிறார் என்று நினைத்து வாசலில் நிற்காதே, அது ஒரு மணி நேரமும் ஆகலாம். "நவ் நவ்" என்றால் கொஞ்சம் சீக்கிரம்.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது, முன்னாலேயே எழுதிக் கேட்டுவிட்டுப் போ. காந்தி 1903-ல் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் ஆரம்பத்தில் தமிழ்ப் பக்கம் இருந்தது, 1906-ல் நின்றுபோனது. உன் துறைக்குக் கடற்கரையைவிட இது உபயோகம்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி, தாத்தா உங்களுக்குத் தனி நன்றி. கல்யாணம் இன்னும் ஆகவில்லை! ஒரு சந்தேகம். ஏஜென்ட் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக ஒரு டிக்கெட் சொல்கிறார், துபாய் வழியைவிடப் பதினொன்றாயிரம் குறைவு. ஆனால் போகும்போது அங்கே 14 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எடுக்கலாமா?

பிரிட்டோரியா அக்கா:

நல்ல வேளை கேட்டாய். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருக்கிற நாடு. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டு வந்தால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பவும் செய்வார்கள். இந்தியா இதில் இன்னும் கறார், அட்டை இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனியாக வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும், அதற்குப் பிறகு ஆயுளுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். நெல்லையிலிருந்து சென்னைக்கு ரயில், ஊசிக் காசு, ஒரு நாள் தங்கல் எல்லாம் கூட்டிப் பார், பதினொன்றாயிரத்தில் எவ்வளவு மிஞ்சும்? விசாவுக்கு எப்படியும் சென்னை போகத்தான் வேண்டும், இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்தால் அடிஸ் கணக்கு ஒத்துவரும். இல்லையென்றால் துபாய்.

அப்புறம் கட்டுரை. பேனலில் நாலு பேர் இருந்தால் உனக்குப் பதினைந்து நிமிஷம்தான், தலைவர் "5", "1" என்று அட்டை காட்டுவார், அதற்குப் பிறகு பேசினால் பக்கத்தில் இருப்பவர் நேரத்தைத் தின்கிறாய். ஊராட்சி என்றால் என்ன, பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு எப்படி வந்தது என்பதை ஒரே ஸ்லைடில் முடி, நம் ஊர் ஆட்கள் எல்லோரும் முன்கதையிலேயே பத்து நிமிஷம் போக்கிவிடுகிறோம்.

பொருநைக்கரை:

கணக்குப் போட்டேன் அக்கா, இரண்டாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சுகிறது. துபாயே எடுத்துவிட்டேன். பெயர் திருத்திய கடிதத்துக்கும் எழுதியாயிற்று. கோவைக்கார அண்ணா, பெரிய பிளக் 16 ஆம்பியர் என்று கேட்டு வாங்கினால் சரியா?

கோவைக்காரன், உம்லங்கா:

அதேதான். கடையில் "ஏசி பிளக்" என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்வெட்டர் ஒன்று போடுங்கள், பகலில் 22 டிகிரி இருக்கும், ராத்திரி 11, 12-க்கு இறங்கும், இந்த ஊர் வீடுகளில் ஹீட்டர் கிடையாது.

சாட்ஸ்வர்த் தாத்தா:

மகளே, ஜூலை கடைசி வரை இருப்பதாக இருந்தால் சொல்லு, கோயில்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். "போரிட்ஜ் பிரேயர்" என்று கேட்டால்தான் இங்கே பிள்ளைகளுக்குப் புரியும். எங்கள் கோயிலில் எந்த ஞாயிறு என்று விசாரித்துப் போடுகிறேன்.