சென்டர் லாக்: மண் ரோட்டுக்கு மட்டும்

தம்பி: மாமா, மழையில கோடநாடு பக்கம் எஸ்டேட் மண் ரோடு ஏறணும். பழைய ஃபார்ச்சூனர், ஃபுல்டைம் ஃபோர் வீல், எப்பவும் நாலு சக்கரத்துக்கும் பவர் போகும். லிவர்ல ஹெச், ஹெச்எல், எல்எல்னு இருக்கு. எதுல போடட்டும்?

கோத்தகிரி மாமா: தார் ரோட்டுல ஹெச், அதுல லாக் இல்ல. மண் ஆரம்பிக்கிற இடத்துலயே ஹெச்எல், அதாவது முன்னையும் பின்னையும் சேர்த்துப் பூட்டுற சென்டர் லாக் போட்டுரு, சிக்கின பிறகு இல்ல. ஸ்டியரிங் நேரா, மெதுவா உருளும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு லிவரைத் தள்ளு. சக்கரம் வெறுமனே சுத்தும்போது போட்டா உள்ள பல் அடிபடும்.

தம்பி: டேஷ்ல லைட் மினுக்குச்சுன்னா?

கோத்தகிரி மாமா: இன்னும் பூட்டலைன்னு அர்த்தம். நேரா கொஞ்ச தூரம் போ, நின்னு எரியும். எல்எல்னா லாக்கோட லோ கியர், அதுக்கு மட்டும் வண்டியை முழுசா நிறுத்தி, கிளட்ச் மிதிச்சு மாத்து.

அக்கா: மேல ஏறின பிறகு எடுக்க மறந்துராதடா. மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுல லாக்கோட திரும்பினா ஸ்டியரிங் இறுகும், டயர் தேயும்.

கோத்தகிரி மாமா: ஆமாம்மா. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தை விட நீளமான பாதையில போகும். அந்த வித்தியாசத்தை முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல இருக்கிற சென்டர் டிஃப், அதாவது டிஃபரன்ஷியல், வாங்கிக்கும். பூட்டிட்டா முன்னுக்கும் பின்னுக்கும் போற ரெண்டு ஷாஃப்டும் ஒரே வேகம். சேறா இருந்தா டயர் வழுக்கி சரியாயிடும். தார்ல வழுக்காது, அந்த முறுக்கு அப்படியே முன்னுக்கும் பின்னுக்கும் பவரைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ்லயும் ஜாயின்ட்லயும் ஏறும். லிவர் வராம இறுகிட்டா பலம் போட்டு இழுக்காத. நேரா ரிவர்ஸ்ல கொஞ்சம் வா, முறுக்கு விட்டுரும்.

அக்கா: எங்க ஜீப்புக்கும் இதேதானா?

கோத்தகிரி மாமா: அதுல சென்டர் டிஃப்பே கிடையாது. நாலு சக்கரமும் ஓடுற 4ஹெச் போட்டாலே பூட்டின கதைதான். தார்ல ரெண்டு சக்கரம் ஓடுற 2ஹெச் மட்டும்.

தம்பி: லாக் போட்டும் நகரலைன்னா?

கோத்தகிரி மாமா: முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு சுத்துதான்னு இறங்கிப் பாரு. லாக் முன்னையும் பின்னையும்தான் சேர்க்கும், இடது வலதைச் சேர்க்காது. இன்னும் மிதிச்சா குழிதான் ஆழமாகும். சுத்துற டயருக்கு அடியில கல்லோ சாக்கோ போடு, காத்தை 22 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். தார் ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப ஏத்திரு.

அக்கா: இறக்கத்துக்கு?

கோத்தகிரி மாமா: எல்எல், ஃபர்ஸ்ட் கியர். கிளட்சைத் தொடாத. இன்ஜின் பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் போகும். ஆனா பக்கவாட்டுல சறுக்குறதை லாக் தடுக்காது. தேயிலைச் சரிவு ஓரமா டயரை விடாத. அப்புறம், நாலு டயரும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானமா இருக்கணும். ஒண்ணு மட்டும் புதுசுன்னா நேர் ரோட்டுலயே லாக் முறுக்கும்.

தம்பி: பின்னாடி ஒண்ணு போன மாசம் மாத்தினது மாமா. அளவு பார்த்துட்டு சொல்றேன்.