பேரியம் ஹைட்ராக்சைடு + சல்பியூரிக் அமிலம்: எந்த அயனியை அடிப்பது?

பதினொன்றாம் வகுப்பு மாணவன்:
இந்த வினைக்கு நிகர அயனிச் சமன்பாடு (வினையில் உண்மையில் பங்கேற்கும் அயனிகளை மட்டும் எழுதுவது) கேட்டிருந்தார்கள். அமிலமும் காரமும்தானே என்று, 'ஹைட்ரஜன் அயனி + ஹைட்ராக்சைடு அயனி → நீர்' என எழுதினேன். பேரியம், சல்பேட் இரண்டையும் பார்வையாளர் அயனிகள் என்று அடித்து நீக்கிவிட்டேன். 3 மதிப்பெண்ணுக்கு 1தான் கிடைத்தது. சோடியம் ஹைட்ராக்சைடு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இதே விடை சரியாக இருந்ததே?

'கரைசல்' என்ற பெயரில் பதிலளித்தவர்:
இது வீழ்படிவு வினை, அதாவது கரையாத திண்மம் படியும் வினை. நடுநிலையாக்கல் (அமிலமும் காரமும் சேர்ந்து நீர் உருவாவது) என்று நினைத்ததுதான் பிழை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இல்லை ஐயா, இது இரண்டும்தான். ஒரு வினைக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

தம்பி, உன் கை பழக்கத்தில் அடித்துவிட்டது. வினைக்கு முன்னும் பின்னும் கரைசலில் தனித்துத் திரிகிற அயனிதான் பார்வையாளர். சோடியமும் குளோரைடும் அப்படித் திரிகின்றன. பேரியமும் சல்பேட்டும் சேர்ந்த கணமே வெள்ளையாகப் படிந்துவிடுகின்றன. அவற்றை எப்படி அடிப்பாய்? எழுத வேண்டியது இது:

பேரியம் அயனி + 2 ஹைட்ராக்சைடு அயனி + 2 ஹைட்ரஜன் அயனி + சல்பேட் அயனி → பேரியம் சல்பேட் (திண்மம்) + 2 நீர்

அடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. இதை வகுப்பில் பல்பு வைத்துக் காட்டுவேன். பழைய டார்ச் செல்லை உடைத்தெடுத்த இரண்டு கரித்தண்டுகள், தொடராக ஒரு 15 வாட் பல்பு, வீட்டு மின்சாரம். (இப்போது யாரும் அப்படிச் செய்யாதீர்கள். நாங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம்.) பேரியம் ஹைட்ராக்சைடில் பல்பு நன்றாக எரியும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் பால்போல் வெளுக்கும், ஒளி மங்கிக்கொண்டே வரும். அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் சமநிலைப் புள்ளியில் அணைந்தேவிடும். மின்சாரத்தைக் கடத்த அயனியே மிச்சமில்லை! இன்னும் சில சொட்டு விட்டால் மறுபடி எரியும். கடைசி பெஞ்சுக்காரர்களும் எழுந்து நின்று பார்ப்பார்கள். நீ எழுதியபடி பேரியமும் சல்பேட்டும் சும்மா நின்றிருந்தால் அந்த பல்பு அணைந்திருக்காது.

சரி, அமிலத்துக்குப் பதில் மெக்னீசியம் சல்பேட் கரைசலை ஊற்றினால்?

பதினொன்றாம் வகுப்பு மாணவன்:
பேரியம் சல்பேட் படியும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கரையாதே, அதுவும் படியும். இதிலும் அடிக்க எதுவும் இல்லை. ஆனால் நீர் உருவாகவில்லை, அதனால் நடுநிலையாக்கல் இல்லை. சரியா, ஐயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முழு மதிப்பெண். ஹைட்ராக்சைடுக்கு முன்னால் 2 போட மறந்துவிடாதே.