புதுப்பிப்பு: மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? முடிவு செய்துவிட்டேன்

ரிவால்வரால் மான் வேட்டையாட .357 மேக்னம் தோட்டா போதுமா, அதைவிடப் பெரிய, வலுவான .44 மேக்னம் வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. .44 மேக்னத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறேன். 240 கிரெய்ன் (சுமார் 15.5 கிராம்) எடை, சாஃப்ட் பாயிண்ட் குண்டு, அதாவது முனையில் மென்மையான ஈயம் வெளியே தெரியும் வகை.

1935இல் வந்த .357 அருகிலிருந்து மானை வீழ்த்தும்தான். ஆனால் விலங்கு சற்றே கோணலாக நின்றால் அதன் 158 கிரெய்ன் குண்டை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பலர் கேட்ட ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி உள்ள குண்டு) பற்றி: தற்காப்புக்கான வகைகள் சீக்கிரம் விரிந்துவிடும். தோள் எலும்பில் பட்டால் நுரையீரலை எட்டாமலே நின்றுவிடக்கூடும். காயம்பட்ட மான் புதருக்குள் ஓடி மெல்லச் சாவதைவிடக் கொடுமை வேட்டையில் வேறில்லை. கடின ஈய வார்ப்புக் குண்டு ஆழமாகப் பாயும், ஆனால் விரியாது. ஆகவே முனை அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும்.

உதைப்பு கடுமைதான். பயிற்சிக்கு அதே ரிவால்வரில், வலுவும் உதைப்பும் குறைந்த .44 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சுடுகிறேன். வேட்டைக்கு முன் மேக்னம் தோட்டாவிலேயே குறியைச் சரிபார்ப்பேன். 50 மீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை.

வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள். குறைந்தபட்ச காலிபர் (குண்டின் விட்டம்) இடத்துக்கு இடம் மாறும். ஈயத்துக்குத் தடை உள்ள பகுதிகளில் செப்புக் குண்டுகள் கிடைக்கின்றன.