உயர்தர மாணவர்களுக்குத் தரவுத்தள வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

உப்புவெளியான்
வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்பிற்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். தொடர்புடைத் தரவுத்தள (தகவல்களை ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளில் வைக்கும் முறை) அலகை ஒவ்வோர் ஆண்டும் வரைவிலக்கணங்களுடனேயே தொடங்கிவந்தேன். முதன்மைச் சாவி (ஒவ்வொரு நிரையையும் தனித்து அடையாளங்காட்டும் நிரல்) எது, இரண்டாம் இயல்பாக்க நிலை (அட்டவணைகளைச் சரியாகப் பிரிக்கும் படிகளில் ஒன்று) எது என்று கேட்டால் பிள்ளைகள் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். ஆனால் சென்ற வாரம் வெற்றுத்தாளைக் கொடுத்து, ஒரு மீன் வாடியின் கணக்கிற்குத் தரவுத்தளம் வடிவமைக்கச் சொன்னபோது, அநேகமாக எல்லோருமே 14 நிரல்கள் கொண்ட ஒரே அட்டவணையை வரைந்து நீட்டினார்கள். "எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தேடுவது லேசுதானே, சேர்?" என்று ஒரு மாணவி கேட்டதற்கு எனக்கு உடனே விடை வரவில்லை. நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள்?

கொட்டியாரக்குடா
அந்த மாணவி கேட்டது நியாயம். ஒரே அட்டவணையில் தேடுவது லேசுதான், திருத்துவதுதான் பாடு. ஆகவே அவர்கள் வரைந்த அட்டவணையையே வைத்துக்கொண்டு, திகதி, வள்ளத்தின் பதிவிலக்கம், சம்மாட்டியின், அதாவது வள்ளச் சொந்தக்காரரின் பெயர், அவருடைய தொலைபேசி, மீன் வகை, நிறை, கிலோ விலை, வியாபாரி என்று 20 நிரைகளைக் கையால் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு, சம்மாட்டி ஒருவர் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டார் என்று சொல்லுங்கள். ஏழு நிரைகளில் திருத்த வேண்டியதை யாராவது ஒரு பிள்ளை ஆறோடு நிறுத்திவிடும். புதிய வள்ளமொன்று பதிவாகியும் வாடைக்காற்று ஓயாததால் இன்னும் கடலுக்குப் போகவில்லை என்றால், விற்பனையே இல்லாத அதை எந்த நிரையில் எழுதுவது? ஒரே நாள் மட்டும் மீன் இறக்கிய வள்ளத்தின் விற்பனையைத் தவறான பதிவு என்று அழித்தால், வள்ளமும் அதன் சொந்தக்காரரும் கணக்கிலிருந்து சேர்ந்தே காணாமற்போவார்கள். இற்றைப்படுத்தல், செருகல், நீக்கல் பிறழ்வுகள் என்று நாம் கரும்பலகையில் எழுதுபவை இவைதான். பெயர்களைக் கடைசியில் சொன்னால் போதும்.

நிலைபொருள் உறவு வரைபடத்திற்கு (எந்தெந்தப் பொருள்கள், அவற்றிடையே என்ன உறவு என்று காட்டும் படம்) முன் அட்டவணையா என்று தயங்க வேண்டாம். அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்ட தமது தொடர்புடை மாதிரியை எட்கர் கொட் 1970இல் வெளியிட்டார். அந்த வரைபடத்திற்கு அடிப்படையான பீற்றர் சென்னின் நிலைபொருள் உறவு மாதிரி வந்தது 1976இல்.

கிண்ணியா நிரலாளர்
மேலே சொன்னது சரி, ஆனால் பிள்ளைகள் அட்டவணையைப் பிரிக்கத் தொடங்கியதும் கிலோ விலையைக் கவனியுங்கள். விலை மீன் வகையைப் பொறுத்தது என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் மீன் அட்டவணையில் வைப்பார்கள். விடியற்காலையில் ஏலம் போன பாரையின் விலை பத்து மணிக்கு இருப்பதில்லை. அங்கே வைத்த விலையை மாற்றிய கணமே, பழைய விற்பனைகளின் தொகையெல்லாம் புதிய விலையில் கணிக்கப்பட்டுப் பிழையாகிவிடும். மீனின் பெயர் மீனைப் பற்றிய செய்தி, விலையோ அந்த விற்பனையைப் பற்றிய செய்தி. இயல்பாக்கத்தின் சாரம் இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது என்பது என் அனுபவம்.

சாவியிலும் ஒரு பொறி உண்டு. சம்மாட்டிக்குத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே முதன்மைச் சாவியாக வைக்க எல்லோரும் விரும்புவார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன, 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் இருக்கின்றன. எனவே ஒரே மனிதர் இரண்டு பேராகப் பதிவாகிவிடலாம். நான் தனியான தொடரிலக்கம் கொடுத்துவிட்டு, அடையாள அட்டையைச் சாதாரணப் பண்பாகவே வைப்பேன்.

உப்புவெளியான்
இருவருக்கும் நன்றி. இன்று இரண்டு பாடவேளைகள் இதற்கே போயின. கிண்ணியா நிரலாளர் எச்சரித்தபடியே பிள்ளைகள் விலையை மீன் அட்டவணையில் வைத்தார்கள். நான் விலையை மாற்றி, முந்தைய நாள் கணக்கைக் கூட்டச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. வள்ளத்தையும் சம்மாட்டியையும் பிரித்து, வள்ள அட்டவணையில் சம்மாட்டியின் இலக்கத்தை அந்நியச் சாவியாக (மற்ற அட்டவணையின் நிரையைச் சுட்டும் நிரலாக) இட்டு முடித்த வேளையில், மூதூரிலிருந்து வரும் பையன் ஒருவன், "எங்கட வள்ளம் அப்பாவும் சித்தப்பாவும் பங்குக்கு வாங்கினது, சேர். ரெண்டு பேரையும் எங்க எழுதுறது?" என்று எழுந்து நின்றான். நான் வாயைத் திறக்குமுன், முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவியே பலகைக்கு வந்து, வள்ள இலக்கம், சம்மாட்டி இலக்கம், பங்கு என்று மூன்று நிரல்களில் புதிய அட்டவணையொன்றை வரைந்தாள்.