கொம்புக்காக ஒரு மானை வில்லால் அடிக்கலாமா?

பரண்காரன்:
மூன்று வருடமாக ஒரே வெள்ளைவால் ஆண் மானைக் கவனித்து வந்தேன். முதல் வருடம் கொம்பில் எட்டு முனை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த நவம்பரில் பத்து முனை. பரணிலிருந்து இருபது மீட்டரில் அம்பு விட்டேன். கொம்பின் நீளம், சுற்றளவு எல்லாம் கூட்டினால் 131 அங்குலம். வில் வேட்டைச் சாதனைகளைப் பதிவு செய்யும் அமெரிக்காவின் போப் அண்ட் யங் சங்கப் பட்டியலில் ஏற 125 போதும். தலையைப் பாடம் செய்யக் கொடுத்தாயிற்று, கறி ஃப்ரீசரில். என் மச்சினி மட்டும் என்னைக் கொலைகாரன் என்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.

செவ்வந்தி:
நான் உங்கள் மச்சினி கட்சி. கறிதான் வேண்டும் என்றால் முதல் வருடமே அடித்திருக்கலாமே? கொம்பு வளரட்டும் என்றுதானே காத்திருந்தீர்கள். அதுவும் வில்லால்! இங்கிலாந்தில் 1963-ம் வருடச் சட்டமே மான்மேல் அம்பு விடக்கூடாது என்றுவிட்டது.

பரண்காரன்:
காத்திருந்ததால் அது மூன்று பருவம் இணை சேர்ந்தது, அதையும் கணக்கில் வையுங்கள். வில்லைப் பற்றிச் சொல்கிறேன். அம்பு முனை சவர பிளேடு மாதிரி இருக்கும். இரண்டு நுரையீரலையும் துளைத்தால் சில விநாடிகளில் மான் சாய்ந்துவிடும். அடித்ததும் இறங்கி ஓடமாட்டோம், அரை மணி நேரமாவது பரணிலேயே இருப்போம். அப்புறம்தான் ரத்தத்தடம் பார்ப்பது. நுரை கலந்த வெளிர்சிவப்பு என்றால் நுரையீரல். பச்சையாக ஏதாவது ஒட்டி நாற்றம் அடித்தால் குடல். அப்போது பின்னால் போனால் அது ஓடிக்கொண்டே இருக்கும், மறுநாள்தான் தேட வேண்டும்.

செவ்வந்தி:
"மறுநாள்" என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அந்த ராத்திரி அந்த மானுக்கு எப்படிப் போகும்?

கணக்குப்பிள்ளை:
குறுக்கே வருகிறேன். அம்பின் வேகம் விநாடிக்கு 90 மீட்டர் என்று வையுங்கள், நாண் சத்தத்தின் வேகம் 340. முப்பது மீட்டரில் நிற்கும் மானுக்கு அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு விநாடி. சத்தமோ பத்தில் ஒரு விநாடிக்குள் காதில் விழுந்துவிடும். மீதிக் கால் விநாடியில் துள்ளுவதற்காக மான் உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் போய் விழும். அதாவது கை நடுங்காதவனும் தவறலாம். இருபது மீட்டர் வரை காத்திருந்தவரோடு எனக்குச் சண்டை இல்லை, ஐம்பதில் விட்டுப் பார்ப்பவர்களோடுதான்.

பழைய வில்:
எல்லாரும் ஒன்றை மறக்கிறீர்கள். 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான் சுமார் ஐந்து லட்சம்தான் மிஞ்சியிருந்தது. இன்று கோடிக்கணக்கில். 1937 சட்டப்படி துப்பாக்கி, தோட்டா வரி காட்டுயிர்களுக்குப் போகிறது, பிற்பாடு வில்லும் அம்பும் அதில் சேர்ந்தன. காசு கொடுப்பது வேட்டைக்காரன். இப்போது மான் பெருகிக் கன்றுச்செடியைக் கூட விடுவதில்லை, யாராவது குறைக்கத்தானே வேண்டும்?

செவ்வந்தி:
வரி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குறைக்க வேண்டும் என்றால் பெண் மானை அல்லவா அடிக்க வேண்டும்? ஒரு ஆண் போனால் இன்னொரு ஆண் வந்து சேரும், அடுத்த வருடக் குட்டியில் ஒன்றும் குறையாது. பத்து முனைக் கொம்புக்கும் கன்றுச்செடிக்கும் என்ன சம்பந்தம்?

பழைய வில்:
பெண் மானையும் அடிக்கிறோம் அம்மா.

பரண்காரன்:
ஆமாம், இந்த சீசனில் இரண்டு. ஆனால் நீங்கள் கேட்ட பிறகுதான் உறைக்கிறது, அந்த இரண்டையும் நான் படம்கூட எடுக்கவில்லை. சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு ஆண் மான், குடலில் பட்டது. மறுநாள் இருட்டும்வரை தேடினேன், கிடைக்கவில்லை. நான்காம் நாள் காக்கைக் கூட்டம் காட்டிக்கொடுத்தது. கறி ஒன்றுக்கும் ஆகவில்லை.

செவ்வந்தி:
கொம்பு?

பரண்காரன்:
கராஜில் ஒரு சாக்கில் கிடக்கிறது. அளக்கவில்லை.